ராஹிலாவின் ஆஸ்கர் மீன்

அஸர் தொழுதுவிட்டு வந்த ஸுஹைப் கூடத்து வாசலிலேயே நின்றுவிடுகிறான். ஜன்னல் வழியாக வரும் மேற்கு வெயில் மீன் தொட்டிக்குள் இறங்கி, அவன் மனைவி ராஹிலாவின் கன்னத்தில் பச்சையாக அலைகிறது. உரித்த இறால் ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு அவள் தண்ணீருக்கு மேல் குனிந்திருக்கிறாள். "வாடா என் கண்ணு, என்ன கோவம் உனக்கு?" என்று குழைகிறாள். கறுத்த உடம்பில் கங்கு போலச் சிவப்பு ஓடிய ஆஸ்கர் மீன் ஒரே பாய்ச்சலில் இறாலைக் கவ்வுகிறது. நீர் தெறித்து முகம் நனைய, அவள் வாய்விட்டுச் சிரிக்கிறாள். சவூதியில் தம்மாமில் இருந்த இரண்டு வருடமும் போனில் இந்தச் சிரிப்பை அவன் கேட்டதில்லை. ஊருக்கு வந்த இந்த நான்கு நாளில், "சோறு போதுமா?" என்பதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. தனியாக இருக்கிறாளே என்று மீன் வளர்க்கச் சொன்னவனே அவன்தான். "நான் போடுதேன்" என்று இறால் கிண்ணத்தில் கை விட்டு ஒன்றை எடுத்துத் தொட்டிக்கு மேல் நீட்டுகிறான். அவன் கை நிழல் விழுந்ததும் மீன் மூலைக்கு ஒதுங்கிச் செவுளை விரிக்கிறது. "புது ஆளுகிட்ட அது வராது மச்சான். கைய எடுத்துருங்க." அவன் விரலை இன்னும் தாழ்த்துகிறான். தண்ணீர் படாரென்று எழும்புகிறது. இறாலோடு விரலையும் கவ்விய மீன், அவன் கையை உதறியதில் கண்ணாடியில் மோதி விலகுகிறது. "யா அல்லாஹ்!" என்று ராஹிலா பதறுகிறாள். தோல் உரிந்து ரத்தம் துளிர்த்த விரலை அவன் அவளிடம் நீட்டுகிறான். அவளோ இரு கைகளையும் கண்ணாடியில் பதித்து, "அடிபட்டுட்டாடா?" என்று உள்ளே தேடுகிறாள். நீட்டிய கையை மடக்கத் தோன்றாமல் ஸுஹைப் நிற்கிறான்.