சாவுக்கான வரி

உயிரியல் வகுப்பில் ஆளுக்கொரு போன் திரையில் உயிர்ச்செல் வளர்க்கச் சொல்லியிருந்தார்கள். அது எப்போது தின்ன வேண்டும், எப்போது இரண்டாகப் பிரிய வேண்டும், எப்போது சாக வேண்டும் என்பதை மாணவிகளே கம்ப்யூட்டர் நிரலாக வரி வரியாக எழுத வேண்டும். ரிஸ்வானாவின் திரையில் பச்சை செல்கள் இலை விரிவதுபோல நிதானமாகப் பரவின. "பாருங்கடி, மூச்சு விடுற மாதிரியே இருக்கு" என்று எஸ்தர் டீச்சர் அந்தப் போனைத் தூக்கி வகுப்பு முழுக்கக் காட்டினார்.

பக்கத்தில் இருந்த பூரணிக்கு வயிறு எரிந்தது. அவளுடைய சிவப்பு செல்கள் கொஞ்சம் பிரிந்ததுமே செத்துப்போயிருந்தன. தலையைக் குனிந்துகொண்டு, சாவுக்கான அந்த ஒரு வரியை மட்டும் அழித்தாள்.

திரை மளமளவென்று சிவந்தது. போன்களை ஒட்டி வைத்தால் ஒன்றின் செல்கள் மற்றதற்குள் போக கம்ப்யூட்டர் சார் வழி செய்திருந்தார். பூரணி தன் போனை நகர்த்தி ரிஸ்வானாவின் போனோடு ஒட்டினாள். பச்சை இலை ஓரத்திலிருந்து சிவந்துகொண்டே வந்தது.

ரிஸ்வானா கோபப்படவில்லை. "என்னமா வளருதுடி! எப்படிச் செஞ்ச? எனக்கும் சொல்லிக்குடு" என்றாள். அதில்தான் பூரணிக்கு இன்னும் எரிந்தது.

டீச்சர் வந்து இரண்டு திரைகளையும் வெகுநேரம் பார்த்தார்.

"கேன்சர் செல் இப்படித்தான் வளரும். இதுக்கு எதைச் சொல்லிக்குடுக்காம விட்டிருக்காங்க? யாருக்குத் தெரியும்?"

எப்போதும் முந்திக்கொள்ளும் ரிஸ்வானா விழித்தாள். வகுப்பிலேயே பூரணிக்கு மட்டும்தான் விடை தெரியும். வேண்டாம் என்று நினைப்பதற்குள் அவளுடைய கை பாதி உயர்ந்துவிட்டிருந்தது.