ஒரு வேளைகூடத் தவறவில்லை

"உங்க மெஷின்லதான் கோளாறு. வேற மெஷின்ல பாருங்க!"

ஸ்டோர் கீப்பரின் குரல் இரத்தப் பரிசோதனை அறையைத் தாண்டி, வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களின் காதுகளையும் எட்டியது. தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்று நான்காண்டுகள் ஆகியும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அந்தக் குரலும் விடவில்லை.

நர்ஸ் அடுத்த மேசையிலிருந்த கருவியை எடுத்து வந்தார். ஸ்டோர் கீப்பரின் மனைவியுடைய இன்னொரு விரலில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தைப் பட்டையில் வைத்தார். வேறு கருவி, அதே எண்.

"ஒண்ணு புள்ளி ரெண்டுதான் சார். மருந்து சாப்பிடாதவங்களுக்குத்தான் ஒண்ணு இருக்கும், அம்மாவுக்கு மூணுகிட்ட இருக்கணும். உள்ள வச்சிருக்கிறது உலோக வால்வு. அளவு இப்படிக் குறைஞ்சா ரத்தம் உறைஞ்சு வால்வை அடைச்சிடும். உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாம இருக்கக் குடுத்த மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?"

"என் வீட்டுலயா? விட்டுப்போறதா? முப்பத்தஞ்சு வருஷம் ஸ்டோரைப் பார்த்தவன்மா நான். ஒரு திருகாணி காணாமப் போனதில்ல. ஆபரேஷன் முடிஞ்ச நாள்லேர்ந்து சாயங்காலம் ஆறு மணிக்கு என் கையாலதான் எடுத்துக் குடுக்கிறேன். போன மாசம் ஒரே மாதிரி ரெண்டு புது டப்பாகூட வாங்கினேன். நாளுக்கு ஒரு அறை. அவளுக்கு ஒண்ணு, என் பிரஷர் மாத்திரைக்கு ஒண்ணு. ஒரு வேளை தவறினதுன்னு கிடையாது."

"கீரை கீரைன்னு வழக்கத்தைவிட அதிகமாச் சாப்பிட்டாங்களா? அது இந்த மருந்தை முறிச்சிடும்."

"காய்கறிக் கடைக்குப் போறதே நான்தான்." சொல்லிவிட்டு அவர் மெல்லத் தம் மனைவியின் பக்கம் திரும்பினார். "அப்போ ஒண்ணுதான் பாக்கி. வாயில போட்டுக்கிட்டு, நான் அந்தப் பக்கம் திரும்பினதும் துப்பிடுறியா?"

அவள் முகம் சுருங்கியது. "என்னங்க இது? உங்க கண்ணு முன்னாடிதானே தண்ணி குடிச்சு முழுங்குறேன்."

"ஏன், நாக்குக்கு அடியில ஒளிச்சு வைக்கத் தெரியாதா உனக்கு?"

"மெதுவாப் பேசுங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

"பார்க்கட்டும்! சிஸ்டர், ரெண்டு வாரமா எழுந்து நின்னா தலை சுத்துது, தலை சுத்துதுன்னு படுத்தே கிடக்கிறா. சோம்பல்னு நினைச்சேன். இப்பல்ல சங்கதி தெரியுது! ஆறு மணி நேரம் ஆபரேஷன் தியேட்டர் வாசல்ல ஒத்தக் கால்ல நின்னேன். அதுக்குக் கிடைச்ச மரியாதை இது."

வாசலில் முறைக்காகக் காத்திருந்த லாரி டிரைவருக்கு மனம் பொறுக்கவில்லை.

"விடுங்க சார். நானும் வால்வு கேஸ்தான். மறதி யாருக்கும் வர்றதுதானே? இன்னிக்கு மாத்திரை போட்டேனான்னு வீட்டுல கேட்டா, 'சோறு சாப்பிட மட்டும் மறக்க மாட்டேங்கிறியே'ன்னு கேட்கிறா என் பொண்டாட்டி."

பெஞ்சில் இரண்டு பேர் சிரித்தார்கள். அது தன்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில்லை என்று தெரிந்தும் ஸ்டோர் கீப்பரின் மனைவிக்குத் தலை இன்னும் தாழ்ந்தது. பஞ்சு ஒட்டிய இரண்டு விரல்களையும் மடியிலிருந்த கைப்பைக்கு அடியில் மறைத்துக்கொண்டாள்.

"உங்களது மறதிங்க. இது திருட்டு," என்றார் ஸ்டோர் கீப்பர். "சொல்லு. இத்தனை பேர் முன்னாடி சொல்லு. துப்பினியா, இல்லியா?"

அவள் நர்ஸைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். கதவை அடைத்துக்கொண்டு நான்கு பேர் நின்றார்கள்.

"ரெண்டு மூணு நாள்... துப்பியிருப்பேன் போல."

"அதென்ன போல?"

"துப்பினேன்."

"கேட்டீங்களா சிஸ்டர்? எழுதுங்க அட்டையில. மாத்திரையைத் துப்பிவிட்டார்னு பெரிய எழுத்துல எழுதுங்க. அடுத்த தடவை டாக்டர் கண்ணுல முதல்ல அதுதான் படணும்!"

நர்ஸ் பேனாவைத் திறந்தார், ஆனால் எழுதவில்லை.

"ரெண்டு மூணு நாள் விட்டா இந்த அளவுக்கு இறங்காது சார். ரெண்டு மூணு வாரமா மருந்தே உடம்புல சேரலன்னுதான்..." பேசிக்கொண்டே நிமிர்ந்தவர், பாதியில் நிறுத்தினார். "சார், வாயில ரத்தம்."

ஸ்டோர் கீப்பர் கைக்குட்டையால் உதட்டோரத்தை அலட்சியமாகத் துடைத்தார். கைக்குட்டையில் ஏற்கெனவே பழுப்பாக நாலைந்து கறைகள் இருந்தன.

"அதுவா? புது பிரஷ். ஈறைக் கிழிக்குது. இந்தக் காலத்துல எதுலம்மா தரம் இருக்கு?"

"எத்தனை நாளா வருது?"

"மூணு வாரம் இருக்கும். அதை விடுங்க. நீங்க எழுதுங்க."

நர்ஸ் பேனாவை மூடி வைத்துவிட்டுப் புதிய ஊசி ஒன்றைப் பிரித்தார்.

"கையைக் காட்டுங்க சார்."

"எனக்கு எதுக்கு? எனக்கென்ன வால்வா வச்சிருக்கு?"

"சும்மா காட்டுங்க."

அதுவரை குனிந்திருந்த அவருடைய மனைவி பதறி எழுந்தாள். "அவருக்கு ஒண்ணுமில்லையே சிஸ்டர்?"

நர்ஸ் அவர் விரலில் குத்தி ஒரு துளியைப் பட்டையில் வைத்தார். எண் வந்ததும், கருவியை ஸ்டோர் கீப்பரின் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

மூன்று. மனைவியின் இரத்தத்தில் இருந்திருக்க வேண்டிய அளவு, இம்மியும் பிசகாமல், அவருடைய இரத்தத்தில் இருந்தது.