விரல் பட்டால்

காக்களூர் ஒர்க்‌ஷாப்பில் அந்த செகண்ட்ஹேண்ட் கார் நின்றதும் வினோதா முதலில் இறங்கினாள்.

“ஸ்டியரிங் பின்னாடி கியர் மாத்துற பட்டை ரெண்டு கீதே, அது வேலை செய்யாம பண்ணிடுண்ணா. இவரு விரல் பட்டு கியர் எறங்கி வண்டி சட்டுனு வேகம் கொறைஞ்சிடுது. நேத்து பின்னாடி வந்த லாரி இடிச்சிருக்கும். உள்ள புள்ளைங்க வேற.”

மெக்கானிக் வெங்கடேசன் அவள் கணவன் எழிலரசனைப் பார்த்தான். “ஆட்டோமேட்டிக் வண்டில நீ இன்னாத்துக்குப்பா அதைத் தொடுற?”

“தொடுறதே தெரியலண்ணா. சக்கரை. விரலு மரத்துப் போச்சு.”

“டாக்டராண்ட போனியா?”

“கம்பெனி டாக்டராண்டதான் போவணும். போனா மேல தெரிஞ்சிடும். வேலை பூடும்.”

வெங்கடேசன் ஸ்டியரிங்கைப் பிரித்து, பட்டைகளுக்கு வரும் ஒயர்களைக் கழற்றினான். இப்போது அழுத்தினாலும் கியர் மாறவில்லை. வினோதாவுக்கு நிம்மதி.

“கம்பெனில இன்னா வேலை?”

“கும்மிடிப்பூண்டி இரும்பு ஆலைல கிரேன் ஓட்றேன். உருக்குன இரும்பைக் கொப்பரையோட தூக்கினு போவணும். எல்லாமே விரலால அழுத்துற பட்டன்தான்.”

வெங்கடேசன் திடுக்கிட்டான். “கீழ ஆளுங்க நிப்பாங்களேப்பா!”

“நம்ம ஆளுங்க யாரும் இல்லண்ணா,” என்று வினோதா அவனுக்கு ஆறுதல் சொன்னாள். “எல்லாம் வடக்கத்திப் பசங்க.”