குப்புறப் படுத்தவர்

கண்கட்டை அவிழ்த்த டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "புரை சுத்தமா போயிருச்சு, லென்ஸ் அழகா உக்காந்திருக்கு" என்றார். பிறகு விரல்களை நீட்டி எத்தனை என்று கேட்டார். தனிஸ்லாஸ் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார். பின்னாலிருக்கும் விழித்திரை செத்துவிட்டது, இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று மகள் பிலோமினாவிடம் தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். அங்கே ஒருவர் சுவரிலிருந்த காலண்டரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார்.

தனிஸ்லாசுக்கு மிச்சமிருந்த ஒரே கண் அது. போன வருடம் விழித்திரை பிரிந்தபோது, கண்ணுக்குள்ளிருந்த கூழை எடுத்து வாயுவை நிரப்பி, திரை ஒட்டும்வரை குப்புறவே படுக்கச் சொன்னார்கள். பிலோமினா தரையில் உட்கார்ந்து, கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கிய முகத்துக்கு இட்லி ஊட்டினாள். அதன்பின் கண்ணில் புரை வளர்ந்தது. பார்வையை மறைப்பது புரைதான், எடுத்துவிட்டால் தெரிந்துவிடும் என்று வீடே நம்பிக்கொண்டிருந்தது.

தனிஸ்லாஸ் கட்டிலைத் தடவி மெதுவாகத் திரும்பிக் குப்புறப் படுத்தார்.

"அப்பா, இந்த ஆபரேசனுக்குக் குப்புறப் படுக்க வேண்டாம்ப்பா. மல்லாந்து படுங்க."

"கெடக்கட்டும்ட்டி. ஒருவேள ஒட்டிக்கிட்டுன்னா?"

அவள் மறுபடியும் தரையில் உட்கார்ந்து, தன் முகத்தை அவர் முகத்துக்கு நேர்கீழே கொண்டுபோனாள். வெள்ளை நீங்கிய கண் கழுவிவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது. அதில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது.

"பிலோமி," என்று அவர் கூப்பிட்டார். "எங்கட்டி போயிட்ட?"