ஜன்னல் வரவில்லை

பம்பாய் மாட்டுங்காவில் பாதியில் நின்ற தன் கட்டடத்தின் முன்னால் ராமபத்ரன் கத்திக்கொண்டிருந்தார்.

"பொங்கலுக்கு முடிச்சுத் தரேன்னீர். இப்போ மழையே வந்தாச்சு. இன்னும் ஒரு ஜன்னல்கூட மாட்டலை. ஜன்னல் மாட்டாம எப்படி ஓய் பூசறது? வாடகைக்குப் பேசி வச்சவா என்னைப் பிடுங்கறா."

சூப்பர்வைசர் சேசுராஜுக்கும் பொறுமை போய்விட்டது.

"நான் என்ன சார் செய்ய? தினம் சயான்ல இருக்க பட்டறைக்குப் போய் அந்த ஆசாரிகிட்ட தொண்டை கிழியக் கத்திட்டுத்தான் வாரேன். நாளைக்கு, நாளைக்குன்னே சொல்லுதான்."

ராமபத்ரன் தலையில் அடித்துக்கொண்டு டாக்சியில் ஏறினார்.

சேசுராஜ் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடிக்கு ஏறினார். செங்கல் அடுப்பில் சோறு கொதித்தது. மனைவி தெரசம்மாள், ஜன்னல் ஓட்டையில் கட்டியிருந்த சாக்கைக் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சாரல் பூரா பிள்ள மேல அடிக்கு. ஆசாரி இன்னைக்கும் வந்தாரு. ஜன்னல் செஞ்சு ரெண்டு மாசமாச்சாம், எப்பத்தான் கொண்டாரச் சொல்லுவீங்கன்னு கேக்காரு."

"வேற வேலை இல்ல அவனுக்கு" என்று எரிந்து விழுந்தார் சேசுராஜ். "ஜன்னல் வந்தா வேலை முடிஞ்சிரும். வேலை முடிஞ்ச அன்னைக்கே இங்கருந்து காலி பண்ணணும். இந்தப் பம்பாயில அப்புறம் எங்க போய்ப் படுக்க? சாக்கை நல்லா இழுத்துக் கட்டு."