சுவருக்கு அந்தப் பக்கம்

கேசியெனுக்கு இன்று எண்பது வயது. டச்சு நகரமான என்ஸ்கெடேயின் நெசவாலைக் குடியிருப்பில், அவள் வீட்டுக் கூடத்தில் நாற்காலிகள் வட்டமாகக் கிடக்கின்றன. ஆளுக்கு ஒரு காப்பி, ஒரு துண்டு கேக், அதற்கு மேல் கிடையாது. பக்கத்து வீட்டு ஹார்ம் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, தன்னை எதற்குக் கூப்பிட்டார்கள் என்ற சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். பரணில் அகப்பட்ட இசைத்தட்டு சுழல்கிறது. கேசியெனின் செத்துப்போன மகன் ரைனஸ் 1982-ல் மாடியறையில் சிந்தசைசரை வைத்துப் பதிவு செய்தது. ஜன்னல் வெயிலில் தூசி மிதக்கிறது. மெல்லிய மின்னிசைக்கு நடுவே தொம், தொம், தொம் என்று ஓர் ஓசை. ஹார்முக்கு அது தெரியும். ராத்திரி ஷிப்ட் முடித்து வந்தவரைப் பகலில் தூங்கவிடாத அந்தப் பயலை அடக்க, மரச்செருப்பைக் கழற்றி இரு வீட்டுக்கும் பொதுவான சுவரில் அவர் அடித்த அடி.

"டிரம்ஸ் பிரமாதம் அத்தை, யாரு அடிச்சது?" என்று தம்பி மகள் மார்லுஸ் இசைத்தட்டின் உறையைத் திருப்பிப் படிக்கிறாள். "டிரம்ஸ், பக்கத்து வீட்டு ஹார்ம்!"

வட்டமே சிரிக்கிறது. "நீயா ஹார்ம்? குதிரைக்குக்கூட உன்னைவிடத் தாளம் தெரியுமே!"

"முதல் இசைத்தட்டு உனக்குத்தான்னு ரைனஸே எடுத்துட்டு ஓடியாந்தானே," என்கிறாள் கேசியென். "நீ ரொம்ப சந்தோஷப்பட்டதாச் சொன்னான். பத்திரமா வச்சிருக்கியா?"

ஹார்ம் கரண்டியைத் தட்டில் வைக்கிறார். நக்கல் பண்ண வந்திருக்கிறான் என்று அன்று திரைச்சீலை இடுக்கில் பார்த்துவிட்டு, அவனை மழையிலேயே நிற்கவிட்டார்.

"கதவையே திறக்கல, கேசியென்," என்கிறார், கேக்கைப் பார்த்தபடி.

இசைத்தட்டில் அவர் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறார்.