கடைசி வீட்டுத் தாள்

நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

மூன்றாம் முறையும் கூட்டிப் பார்த்தாள். மாறவில்லை.

கொப்பியில் வீட்டுக்கொரு வரி. வரிக்கொரு சிவப்புச் சரி. எண்பத்திரண்டு வீட்டில் எண்பத்தொன்றுக்குப் போட்டாயிற்று.

மிச்சம் ஒரு வீடு.

அவளுடைய வீடு.

நாலு கிழமையாக அந்தப் பிரெஞ்சுக் கிராமத்தின் படியெல்லாம் ஏறி இறங்கியிருக்கிறாள். கழுத்தில் மேயர் கொடுத்த குடிசனக் கணக்கெடுப்பு அட்டை. சப்பாத்தில் எந்நேரமும் மாசி மாதத்துச் சேறு.

மதாம் பெரான் செத்துப்போன புருசனையும் எழுதி வைத்திருந்தாள். வெட்டச் சொன்னதற்கு அழுதாள். மாட்டுப்பட்டிக்கார லெக்ளேர், மாடுகளையும் எண்ணினால்தான் கையெழுத்து என்றான். சனி ஞாயிறுக்கு மட்டும் பாரிசிலிருந்து வருகிற சோடி, தாங்களும் ஊர்ச்சனம்தான் என்று வாசலில் நின்று சண்டை பிடித்தது.

எல்லாரையும் சமாளித்தாள். ஓர் ஆளைக் கூட்டவில்லை. ஓர் ஆளைக் குறைக்கவில்லை.

ஊர்ச்சனம் இருநூறுக்குக் கீழே இறங்கினால் பள்ளிக்கூடத்தின் ஒற்றை வகுப்பையும் தூக்கிவிடுவார்கள் என்று மேயர் சொல்லியிருந்தார். மகள் துளசிகா படிப்பது அந்த வகுப்பில். ஏழு வயது. அடுத்த பள்ளிக்கூடம் பதினாலு கிலோமீற்றர். வீட்டில் கார் இல்லை.

வீட்டில் மூன்று பேர். சேர்த்தால் இருநூற்றொன்று. எழுதிக் கொடுத்தால் அலுவல் முடிந்தது.

எழுதித் தரவேண்டிய அவளுடைய புருசன் குசினியில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார். "நான் எழுதுறன்" என்று முதல் நாளே தாளை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்த மனுசன். ஒவ்வொரு நாளும் கேட்டாள். ஒவ்வொரு நாளும் நாளைக்கு.

இன்று கடைசி நாள். ஐந்து மணிக்கு மேயர் கந்தோர் பூட்டிவிடும்.

"இஞ்சேருங்கோ, ஊர் முழுக்கத் தந்திட்டுது. செத்த மனுசன்கூடத் தர நிண்டது. உங்களுக்கு மட்டும் என்ன நோ?"

கையைத் துடைத்தார். போய் எடுத்துவந்து மேசையில் வைத்தார்.

"எப்பவோ எழுதியாச்சு. கொண்டு போய்க் குடும்."

அவள் விரித்தாள்.

வீட்டில் இருப்போர்: ஒருவர்.

கீழே அவருடைய பெயர். பிறந்த திகதி. பிறந்த ஊர். அடித்தல் திருத்தல் இல்லாத வடிவான எழுத்து.



"அப்ப நானும் பிள்ளையும் லெக்ளேரின்ர மாட்டுப்பட்டியிலயே இருக்கிறம்?"

அவர் குசினிப் பக்கம் திரும்பினார்.

"பொலிசுக்குக் காட்ட மாட்டினம் எண்டு இதிலயே போட்டிருக்கு. வாசிச்சனீங்களே?"

"வவுனியாத் தாளிலயும் நல்லதாத்தான் போட்டிருந்தது."

அவ்வளவுதான். திரும்பக் கத்தியை எடுத்தார்.

வவுனியாவில் வீட்டிலுள்ளவர்களின் பெயர் எழுதிய தாள் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது. மூன்று பேர். ஆமி வந்து ஒவ்வொன்றாய் வாசித்தது. இரண்டாவது பெயருக்கு அவருடைய தம்பி கையைத் தூக்கினான்.

அந்தக் கையைத்தான் கடைசியாகக் கண்டது.

அவள் தாளை மறுபடி பார்த்தாள்.

ஒரே ஒரு பெயர். வாசித்தால் ஒரே ஒரு கை.

மணி நாலு நாற்பது.

பையில் எழுதாத தாள் ஒன்று மிஞ்சிக் கிடந்தது. எடுத்தாள். மளமளவென்று எழுதினாள். தன்னுடைய பெயர். துளசிகாவின் பெயர்.

பேனா மூன்றாவது வரிக்கு வந்தது.

நின்றது.

குசினியில் தோல் சீவும் சத்தம் கேட்டது. ஒரே சீராக.

பேனாவை மூடினாள்.

கொப்பியை இழுத்துக் கூட்டினாள். இருநூறு. மட்டுமட்டு. சிவப்புச் சரி போட்டாள்.

தான் எழுதியதைப் பையில் வைத்தாள். அவர் எழுதியதை நாலாய் மடித்துச் சட்டைக்குள் செருகினாள்.

கதவடியில் சப்பாத்துப் போடும்போது உள்ளிருந்து குரல் வந்தது.

"நான் எழுதினதைத்தானே குடுக்கிறீர்?"

"ஓம், ஓம், அதைத்தான்" என்று எரிந்து விழுந்தாள். "நீங்கள் அடுப்பைப் பாருங்கோ."